உடம்பு முடியாமல் நின்ற தோட்டத் தொழிலாளி வயதுக்கு முன்பே ஈ.பி.எஃப் எடுப்பது எப்படி

ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 ஆனால்தான் ஊழியர் சேமலாப நிதிக் (ஈ.பி.எஃப்) காசு வரும் என்று இலங்கைத் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பலரும் காத்திருக்கிறார்கள். நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாமல் நின்றவர் எந்த வயதிலும் எடுக்கலாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்திலேயே அது இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த 8 வீதம், தோட்டம் போட்ட 12 வீதம், வட்டி, எல்லாமே சேர்ந்து வரும். 50 தாண்டிய பெண்ணுக்கு இந்த அலைச்சலே தேவையில்லை, வேலையை விட்டதும் வயதைக் காட்டி எடுக்கட்டும்.

முதலில் வைத்தியச் சான்றிதழ், பிறகுதான் விலகல் கடிதம். இந்த வரிசை மாறும்போதுதான் காசு சிக்குகிறது. 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்ற தாளில் கைநாட்டு வைத்துவிட்டால், பிறகு என்ன சான்றிதழ் கொண்டுபோனாலும் இரண்டும் முரண்படும். சான்றிதழ், தோட்டத்தின் கடிதம், விண்ணப்பம் மூன்றிலும் நின்ற காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

டாக்டர் 'லேசான வேலை கொடுக்கவும்' என்றோ 'ஆறு மாதம் ஓய்வு' என்றோ எழுதினால் பயனில்லை. கொழுந்து எடுக்க முடியாது என்பது மட்டும் போதாது. என்ன நோய், அது நிரந்தரமா, வேலை செய்யும் சக்தி முழுதாகப் போய்விட்டதா என்பவை தெளிவாக வர வேண்டும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, வார்டில் தந்த துண்டுகள் அத்தனையும் எடுத்துப் போங்கள். பார்க்க எதுவும் இல்லாமல் டாக்டரால் அப்படி எழுதிக்கொடுக்க முடியாது.

அடுத்து 'கே' படிவம், அதுதான் இந்தக் காசைக் கேட்கும் விண்ணப்பம். தோட்டம் நிரப்ப வேண்டிய பகுதியை அலுவலகத்தில் நிரப்பி வாங்கி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பிரதிகளோடு தொழில் அலுவலகத்தில் கொடுங்கள். செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போங்கள். வேறு தோட்டத்திலும் வேலை செய்திருந்தால் அங்கே இருந்த ஈ.பி.எஃப் இலக்கத்தையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசு அங்கேயே கிடக்கும். நிதியைக் காட்டி வீட்டுக் கடன் எடுத்திருந்தால் பாக்கியைக் கழித்துத்தான் தருவார்கள்.

ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) இதோடு வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தர இயலாமைக்கு அங்கே வேறொரு கொடுப்பனவும் உண்டு, அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். சேவைக்காலப் பணத்தை (கிராஜுவிட்டி) தோட்டமே தர வேண்டும்: 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் என்றால் 280 நாள். வேலை நின்று 30 நாளுக்குள் வராவிட்டால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டு, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.