ட்ரிப்ளிகேட் என்றால் மொத்தம் மூன்று

ராயபுரம் பக்கம் லாரி ஆபீஸில் பேப்பரை 'இன் ட்ரிப்ளிகேட்' கேட்டால், அசலோடு சேர்த்தே மூன்று. அசல் போக மூன்று ஜெராக்ஸ் எடுத்துக் காசை வீணாக்காதீர்கள். சரக்குக்கான ஜிஎஸ்டி பில்லும் அப்படித்தான்: அசல் வாங்குபவருக்கு, டூப்ளிகேட் லாரிக்காரருக்கு, ட்ரிப்ளிகேட் விற்பவருக்கு. (இங்கே டூப்ளிகேட் என்றால் போலி இல்லை, பயப்பட வேண்டாம்.)

பெயர்ச்சொல்லாக வந்தால் கடைசியைச் சுருக்கி 'ட்ரிப்ளிகட்' என்பதே சரி. வினைச்சொல்லுக்குத்தான் 'கேட்' என்று நீட்டல். அழுத்தம் இரண்டிலும் 'ட்ரிப்' மேல்.

லத்தீனில் 'ட்ரி' மூன்று, 'ப்ளிகாரே' மடித்தல். நம் 'மும்மடங்கு' சொல்லுக்குள்ளும் ஒரு மடிப்பு இருக்கிறது பாருங்கள்! அப்புறம், ட்ரிப்ளிகேனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது வெள்ளைக்காரர் வாயில் மாட்டிய திருவல்லிக்கேணி.