டர்பனில் சமூகப்பணி படிக்க: பரிமாற்ற மாணவர்களுக்கு

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள் பாடத் தேர்வைவிடக் களப்பயிற்சியை முதலில் உறுதி செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவில் சமூகப்பணி மாணவர்களும் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலில் பதிய வேண்டும்; 1978ஆம் ஆண்டின் 110ஆம் எண் சட்டம் அப்படி. ஒரே செமஸ்டர் வருகிறவருக்கு அந்தப் பதிவு எப்படி என்று துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் களம் கிடைக்காமல் வகுப்புப் பாடத்தோடு மட்டும் திரும்ப நேரிடும்.

விசாவில் இழுத்தடிப்பது காவல்துறை நற்சான்றுதான். ஓராண்டு தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். அதற்கே முதலில் விண்ணப்பியுங்கள். மருத்துவக் காப்பீடு இங்கே பதிவான திட்டமாக இருக்கட்டும்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, ஆனால் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். வீடு வீடாகப் போகும் வேலைக்குச் சுலு மொழியும் வேண்டும்: ஒருவருக்கு 'சாவுபோனா', பலர் இருந்தால் 'சானிபோனானி'. நலம் விசாரித்த பிறகே படிவத்தை எடுங்கள்.