ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தோட்டத்துல பாம்பு வந்தா என்ன பண்ணணும்

கேரட்டுக்கோ உருளைக்கோ காட்டை கொத்துறப்போ ஒரு முழம் கூட இல்லாம, விரல் மொத்தத்துல பளபளன்னு ஒண்ணு நெளியும், வால் நுனிய யாரோ நறுக்கி விட்ட மாதிரி மொட்டையா இருக்கும். உடனே மம்பட்டிய ஓங்கிடாதீங்க. அது கேடயவால் பாம்பு, விஷம் கிடையாது, மண்ணுக்குள்ளயே மண்புழு தின்னுட்டு கிடக்கும். இந்த குடும்பமே தீபகற்ப இந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும் தான் இருக்கு, அதுலயும் சில வகை குறிப்பிட்ட மலைய விட்டா வேற எங்கயும் கிடையாது.

கையில கிடைச்சா பாட்டில்ல போட்டு காட்டுல கொண்டு போய் விடுறேன்னு கிளம்ப வேணாம் (நிறைய பேர் நல்ல மனசோட தான் இத பண்றாங்க). எடுத்த இடத்துலயே நாலடி தள்ளி, வெயில் படாம ஈர மண்ணும் சருகும் இருக்குற பக்கமா விட்டா போதும், அதுவே உள்ள போயிடும். வரப்போரம் கொஞ்சம் இடத்த கொத்தாம சருகோட விட்டு வைங்க, சாணி குப்பைய கிளறுறப்போ மெதுவா கிளறுங்க, குருணை பூச்சி மருந்த அள்ளி தூவாதீங்க ஏன்னா மண்புழு செத்தா இதுக்கு சாப்பாடு ஏது. மழை நேரத்துல ரோட்டுக்கு வரும், டயர்ல நசுங்கி கிடக்குறத நீங்களே பாத்திருப்பீங்க, எஸ்டேட் ரோட்டுல வண்டிய கொஞ்சம் மெதுவா விடுங்க.

இத பாத்துட்டு இருதலை பாம்பு, மண்ணுளி, நல்ல ரேட்டு போகும்னு எவனாச்சும் வந்தா துரத்தி விட்டுட்டு ஃபாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லிடுங்க. 1972 வனவிலங்கு சட்டத்துல மாட்டுனா வித்தவனும் உள்ள, வாங்குனவனும் உள்ள.

புல்வெளி பக்கம் போனா கல்ல புரட்டி பாக்காதீங்க. பிடரில லாடம் மாதிரி அடையாளம் இருக்குற குழிவிரியன் அங்க தான் கல்லுக்கடியில படுத்திருக்கும், ஏற்கனவே சீகை மரம் (வெளிநாட்டுல இருந்து வந்த வாட்டில் மரம்) ஏறி ஏறி அதோட புல்வெளி சுருங்கிட்டு வருது. இதுக்கு விஷம் உண்டு, கிட்ட போகாம தூர இருந்து போட்டோ எடுங்க, லொகேஷன மட்டும் போடாதீங்க. கடிச்சிடுச்சுன்னா கட்டு போடுறது கீறுறது எல்லாம் வேணாம், 108க்கு அடிச்சு ஆஸ்பத்திரி போங்க, என்ன பாம்புன்னு டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க. நம்மூர் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை இந்த நாலுக்கு தான் தயாரிக்கிறாங்க, குழிவிரியனுக்கு இல்ல.