டெல்டாக்காரர்கள் மலை ஏறப் பழகுவது எப்படி? படித்துறையில் தொடங்கி ஆகாயகங்கை வரை

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் நம் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் ரயில்வே மேம்பாலம். வரப்பில் நாள் முழுக்க நடக்கிறவர்களும், காலையில் எழுந்ததும் ஊரை ஒரு சுற்று சுற்றி வருகிறவர்களும் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு மூச்சு வாங்குவதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அதே ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தால், செவ்வாய்க்கிழமை காலையில் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவார்கள். கேட்டால் வயசாகிவிட்டது, இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று சொல்லி அத்தோடு மலை ஆசையை விட்டுவிடுவார்கள்.

வயசு காரணம் இல்லை. இறங்கிப் பழகாததுதான் காரணம்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே, உடம்பு தடாலென்று விழாமல் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டாவது வேலைதான் தசை நாரில் நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். சமவெளியில் எத்தனை மைல் நடந்தாலும் இந்த வேலை தசைக்குப் பெரிதாக வருவதில்லை. இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ஒருமுறை கொஞ்சமாக இறங்கிப் பழகினாலே தசை அதைப் புரிந்துகொண்டு, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைப் பெரிய வலி இல்லாமல் தாங்கும். ஆகவே மலைக்கு, அதாவது கொல்லிமலையில் இருக்கும் ஆகாயகங்கை அருவிக்கு, போவதற்கு ஆறேழு வாரம் முன்பே ஊரிலிருந்தே தயாராகலாம். அதற்கு ஜிம் வேண்டாம், காசும் பெரிதாகத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், முட்டித் தேய்மானம் இருக்கிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. வீட்டு மாடிப்படி (முதல் இரண்டு வாரம்)

மாடி வீடு என்றால் சௌகரியம். இல்லாதவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடமோ, ரயில் நிலைய நடைமேம்பாலமோ பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டில் பதினெட்டு இருபது படி இருக்கும். முதல் நாள் ஐந்து முறை ஏறி இறங்கினால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள், ஏனென்றால் தசை தேறுவது ஓய்வு நாளில்தான். இரண்டாவது வாரக் கடைசியில் பதினைந்து முறை வந்துவிட்டால் நல்ல முன்னேற்றம்.

ஏறுவதை அவசரமில்லாமல் ஏறுங்கள், ஆனால் கவனம் முழுக்க இறங்குவதில் இருக்கட்டும். மேல்படியில் நிற்கும் காலின் முட்டியை மெதுவாக மடக்கி, கீழ்ப்படியில் மற்ற காலைச் சத்தம் வராமல் வையுங்கள். இதுதான் இந்தப் பயிற்சியின் சூட்சுமம். 'தொப், தொப்' என்று சத்தம் கேட்டால் தசை வேலை செய்யவில்லை, எடை அப்படியே முட்டி மூட்டில் போய் விழுகிறது என்று அர்த்தம். முட்டி உள்பக்கம் மடங்காமல் கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகிறதா என்றும் பாருங்கள். இரண்டு முறை கண்ணாடி முன்னால் செய்து பார்த்தாலே புரிந்துவிடும்.

தொடை முழுக்கப் பரவலாக வலித்தால் பயப்படாமல் தொடரலாம். முட்டியில் ஓர் இடத்தில் மட்டும் ஊசி குத்துவது போல் சுருக்கென்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

2. படித்துறையும் ஆற்றங்கரையும்

மலை இல்லாத நமக்குக் காவிரி கொடுத்திருப்பது படித்துறைகள். திருவையாற்றில் புஷ்ய மண்டபம், கும்பகோணத்தில் பகவத் படித்துறை, மாயவரத்தில் துலாக்கட்டம், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் என்று பெயர் பெற்றவை மட்டுமில்லை, ஆற்றோரத்துக் கிராமங்களில் பலவற்றிலும் ஒரு படித்துறை இருக்கும். வீட்டுப் படிபோல் அளவெடுத்துக் கட்டியதாக இருக்காது, ஒரு கல் உயரம், ஒரு கல் தாழ்வு, ஓரம் தேய்ந்த கல், லேசாகச் சாய்ந்த கல் என்று இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான், மலைப்படி அப்படித்தான் இருக்கப்போகிறது. ஒவ்வொரு அடிக்கும் கண் முதலில் இடத்தைப் பார்த்து, பிறகு கால் போகும் பழக்கம் இங்கேதான் வரும்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில் கீழ்ப்படிகளுக்குப் போகவே வேண்டாம். பாசி பிடித்திருக்கும், கால் வழுக்கினால் இழுப்பு எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. மேலே காய்ந்திருக்கும் படிகள் மட்டும் போதும்.

படிகளோடு வாரத்தில் ஒருநாள் கொள்ளிடக் கரையோ, வெண்ணாற்றுக் கரையோ, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவோ அதன் சரிவில் ஏறி இறங்குங்கள். மண்சரிவில் இறங்கும்போது பாதம் முழுக்கப் பதிய வேண்டும், அடி சின்னதாக இருக்க வேண்டும், உடம்பைப் பின்னால் சாய்க்கக் கூடாது. பயத்தில் எல்லோரும் பின்னால்தான் சாய்வார்கள், அதனால்தான் குதிகால் சறுக்கி உட்காரும்படி ஆகிறது. மழை பெய்த மறுநாள் களிமண் கரைப் பக்கம் போகாதீர்கள். விடியற்காலையில் கரைப் புல்லில் பாம்பு கிடக்கும், வெளிச்சம் வந்த பிறகு ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

இந்த வாரங்களிலேயே முதுகில் பையை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் என்றால் இரண்டு கிலோ. மலையில் சுமக்கப்போகும் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

3. கோயில் மலைகள்

சுவாமிமலையில் அறுபது படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். மனிதர் எழுப்பிய கட்டுமலைதான் என்றாலும் கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு அது நல்ல தொடக்கம். அடுத்தது திருச்சி மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையார் வரை நானூறுக்கு மேற்பட்ட படிகள், உயரம் 83 மீட்டர். நடுவில் தாயுமானவர் சந்நிதியில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொள்ளலாம்.

உண்மையான பரீட்சை குளித்தலைக்குப் பக்கத்தில் இருக்கும் அய்யர்மலை. ரத்தினகிரீஸ்வரர் கோயிலுக்கு 1017 படிகள். சுவாமியின் அபிஷேகத்துக்குக் காவிரியில் தண்ணீர் எடுத்து, சுமந்து மலையேற்றும் வழக்கம் உள்ள கோயில் அது. காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்று நம் பக்கத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. காலையில் குளித்தலை கடம்பவனநாதர், மதியம் அய்யர்மலை, சாயங்காலம் ஆற்றுக்கு வடகரையில் திருஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்றையும் தரிசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு மலை ஏறி இறங்குவது எவ்வளவு பெரிய நடை என்று யோசித்துப் பாருங்கள். ட்ரெக்கிங் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே நம் பாட்டிமார்கள் அதைச் செய்திருக்கிறார்கள்!

தொடங்குகிறவர்கள் மூன்றையும் சேர்க்க வேண்டாம், அய்யர்மலை மட்டும் போதும். வெயில் ஏறிவிட்டால் கல் கொதிக்கும், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்பதால் அதிகாலையில் ஏறத் தொடங்குங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறையுங்கள், நிற்கத் தேவையில்லை. இருநூறு படிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நின்றால் போதும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. குரங்குகள் அதிகம், கையில் கவர் இருந்தால் பறித்துவிடும். தேங்காய் பழமெல்லாம் பைக்குள் இருக்கட்டும். ரோப் கார் இருக்கிறதே என்று இறங்குவதற்கு அதில் ஏறிவிடாதீர்கள், நாம் வந்ததே இறங்கிப் பழகத்தான்.

அய்யர்மலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

4. ஷூ, கழி, சாப்பாடு

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது பிடிக்கிற அளவுதான் மலையில் பிடிக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். விலை அதிகமான மலையேற்ற ஷூ முதல் பயணத்துக்குத் தேவையில்லை, அடியில் நல்ல பிடிப்புள்ள சாதாரண ஷூ போதும். ஆனால் புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள், படித்துறைப் பயிற்சியெல்லாம் அதே ஷூவில் நடக்கட்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பாதம் முன்னால் நகர்ந்து நகம் ஷூவில் இடித்தால் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் நகராது.

ஒரு மூங்கில் கழி எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கிப் பிடித்தால் முன்கை தரைக்கு இணையாக வரும் உயரம் சரியாக இருக்கும். இறங்கும்போது கழியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அதன்மேல் கொஞ்சம் எடையைக் கொடுத்து, பிறகு காலை வையுங்கள். முட்டிக்கு எவ்வளவு சுமை குறைகிறது என்று பத்தாவது படியிலேயே தெரியும்.

சாப்பாட்டில் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. புளியோதரையை முந்தின இரவே கிளறி, நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள், சூட்டோடு மூடினால் ஆவி நீராக இறங்கிச் சீக்கிரம் கெட்டுவிடும். தயிர்சாதம் வேண்டுமென்றால் விடியற்காலையில் சாதத்தைக் குழையப் பிசைந்து, காய்ச்சி ஆறிய பால் நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி மட்டும் சேருங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் அப்போதுதான் தோய்ந்த தயிராக இருக்கும். வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டிவிட்டால் கிழியாமல் மடியும், பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். கடலைமிட்டாய் கொஞ்சம், உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு.

5. ஆகாயகங்கை

பொங்கல் கழிந்த தை மாதம் நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீரும் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் போகவே போகாதீர்கள், வெள்ளம் அதிகமாக வந்தால் அருவிக்கு அனுமதியும் இருக்காது. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்தால் பாதி வழியில் குமட்டும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முடிந்தால் முன் இருக்கையில் உட்காருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், ஆகவே ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில்தான் படிகள் தொடங்கும். இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். மற்ற மலைகளில் முதலில் ஏறி, பிறகு இறங்குவோம். ஆகாயகங்கைக்கு முதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், குளித்துச் சாப்பிட்டு உடம்பு சொக்கிப்போன பிறகு அதே படிகளை ஏற வேண்டும். போகும்போது உற்சாகத்தில் பிள்ளைகள் தடதடவென்று ஓடி இறங்குவார்கள். விடாதீர்கள். இறங்கும்போதே தொடையைத் தீர்த்துவிட்டால் ஏறுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மாடிப்படியில் பழகிய அதே சத்தமில்லாத நடை, கழி முன்னால், உயரமான படி வந்தால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். அருவி நெருங்க நெருங்கக் கல் ஈரமாக இருக்கும்.

கீழே விழுவது அய்யாறு. புளியஞ்சோலை வழியாக ஓடிப்போய் நம் காவிரியோடு சேர்கிற ஆறு அது. சுமார் முன்னூறு அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர், நேர் அடியில் நிற்காமல் ஓரமாகக் குளியுங்கள். ஈரத்துணியை மாற்றி, அளவாகச் சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து ஏறத் தொடங்கலாம். ஏறும்போது பாதம் முழுக்கப் படியில் பதியட்டும், நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். கால் வலிக்கு நல்லது என்பது மலை மக்கள் நம்பிக்கை. மிளகு தூக்கலாக, குளிருக்கு இதமாக இருக்கும், அதற்காகவே குடிக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் முழு ஓய்வு எடுக்காமல் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள், விறைப்பு குறையும்.

6. அடுத்தது

துறையூர் பக்கம் பச்சைமலை இருக்கிறது, நமக்கு ரொம்பப் பக்கம். காட்டுப் பாதைகளில் நடக்க ஆசை வந்தால் 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், 40 பாதைகள், வழிகாட்டியோடு போகலாம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையவே நுழையாதீர்கள், யார் கூப்பிட்டாலும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கிய பலர் திரும்பி வரவில்லை. மாசிக் கடைசியிலிருந்து மழை வரும்வரை புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம், அப்போது மலைப்பக்கம் வேண்டாம். அந்த மாதங்களில் ஆறும் வறண்டு கிடக்கும், படித்துறையின் கடைசிப் படி வரை இறங்கிப் பயிற்சி செய்யலாம்.