ரெண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை: தோட்ட லயத்து வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை எண்ணுவது. ஒரு கொப்பியை அடுப்பங்கரைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டு, பிள்ளை தானாகச் சொல்லும் சொற்களை ஒரு கிழமைக்கு அதில் எழுதி வாருங்கள். "பேச்சே இல்ல" என்று சொல்லப்படும் பிள்ளைக்கு இருபது சொல் இருக்கலாம். "நல்லாத்தான் பேசுறான்" என்று சொல்லப்படும் பிள்ளைக்கு ஐந்துகூட இல்லாமல் இருக்கலாம். மனக்கணக்கில் இது பிடிபடாது.

பூனையை "ஊன" என்றாலும், எப்போதும் பூனையைப் பார்த்தே அப்படிச் சொன்னால் அது ஒரு சொல். நாயைக் காட்டி "வவ்" என்பதும் சொல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பிடித்த "எபா" (வேண்டாம்), "வத்துர" (தண்ணீர்) போன்ற சிங்களச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். நீங்கள் சொன்னதைக் கிளிபோலத் திருப்பிச் சொல்வதையும், போனில் கேட்ட பாட்டை ராகத்தோடு முனகுவதையும் எண்ண வேண்டாம்.

ஒன்றரை வயதில் பத்துச் சொல் அளவுக்கும், இரண்டு வயதில் ஐம்பது சொல் அளவுக்கும் வருவது வழமை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கவும் தொடங்கும். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு. மாதம் குறைந்து பிறந்த பிள்ளையாக இருந்தால், இரண்டு வயது வரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

பிந்திப் பேசும் பிள்ளைகளில் ஒரு பகுதி தானாகவே எட்டிப் பிடித்துவிடும் என்பது உண்மை. "அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று அப்பாயி சொல்வது பொய்யில்லை. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டிப் பார்த்தால் ஒரு நாள் பேர்தான், அதாவது ஒரு நாள் சம்பளம்தான், போகும். காத்திருந்தால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். ஒரு வயது தாண்டியும் கையால் சுட்டிக் காட்டவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் சொற்களைச் சேர்க்கவில்லை, கை காட்டாமல் வாயால் மட்டும் "செருப்ப எடு" என்றால் விளங்கவில்லை: இவற்றில் எது இருந்தாலும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டது என்றால், எந்த வயதாக இருந்தாலும், கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது.

காதுதான் முதலில்

பேச்சு பிந்தினால் வாயைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது காதை. மலையகத்துக் குளிரில் சளி விட்டு விட்டு வரும். கூடவே விறகு அடுப்புப் புகை. சளி பிடித்த பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் தேங்கி நிற்கலாம். சீழ் வடியாது, பெரும்பாலும் வலிக்காது. அதனால் யாருக்கும் தெரிய வராது. தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு மேலே பேசுவதைக் கேட்கிற மாதிரித்தான் அந்தப் பிள்ளைக்கு உங்கள் பேச்சு கேட்கும். ஒரு கிழமை நன்றாகக் கேட்கும், மறு கிழமை மங்கும். வீட்டில் "பிடிவாதம்" என்று பேர் வைத்துவிடுவார்கள்.

கதவு அறையும் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறது என்பதற்காகக் காது நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய சத்தம் கேட்கிற காதுக்கு "ச", "ப", "த" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். வீட்டில் இப்படிப் பார்க்கலாம்: ஒருவர் முன்னால் இருந்து விளையாட்டுக் காட்ட, இன்னொருவர் மூன்று அடி பின்னால் நின்று தாழ்ந்த குரலில் பேரைக் கூப்பிடட்டும். நிழல் விழக் கூடாது, காலடி அதிரக் கூடாது. இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. திரும்பாவிட்டால் அதைக் கொப்பியில் எழுதுங்கள். திரும்பினாலும் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். காதில் சின்னக் குமிழ் வைத்துச் சில நிமிஷத்தில் பார்க்கும் பரிசோதனை ஒன்று. பிள்ளை தூங்கும்போது தலையில் வயர் ஒட்டிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டும் வலிக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை: அடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளை இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) இருக்கட்டும். பீடி, சிகரெட் வாசலுக்கும் அப்பால். படுத்தபடி போத்தல் பால் கொடுக்காதீர்கள். காதில் எண்ணெயோ பூண்டுச் சாறோ விடவே வேண்டாம்.

இந்தா, தா

வேலைக்குப் போகும் அம்மாவுக்குத் தனியாக உட்கார்ந்து "பயிற்சி" கொடுக்க நேரம் கிடையாது. தேவையும் இல்லை. காலைச் சாப்பாடு, சாயந்திரக் குளிப்பு, படுக்கை என்று எப்படியும் நடக்கிற மூன்று வேளைகள் போதும். அந்த மூன்று வேளையிலும் டீவியையும் போனையும் நிறுத்திவிடுங்கள். அடுத்த காம்பராவின் டீவியே சுவர் தாண்டிக் கேட்கும், நம் வீட்டுச் சத்தமாவது குறையட்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. போன் பிள்ளைக்குப் பதில் சொல்லாது, பிள்ளை சொல்வதற்காகக் காத்திருக்கவும் செய்யாது. குறை அங்கேதான்.

காலை ரொட்டியை எடுத்துக்கொள்வோம். முழு ரொட்டியைக் கையில் கொடுத்தால் ஒரே ஒரு கொடுக்கல் வாங்கல். பத்துத் துண்டாகப் பிய்த்தால் பேச்சுக்குப் பத்து வாய்ப்பு. உங்கள் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும்படி கீழே உட்காருங்கள். முதல் துண்டை "இந்தா" என்று கொடுங்கள். தின்று முடிந்ததும் அடுத்த துண்டை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். இந்த ஐந்து எண்ணிக்கைதான் எல்லோருக்கும் கஷ்டம். இரண்டாவது எண்ணிலேயே நாமே பேசிவிடுவோம். பிள்ளை பார்க்கும், கையை நீட்டும், "ங்" என்று ஒரு சத்தம் போடும். அதுவே கேட்பதுதான். உடனே "தா" என்று அதன் சார்பில் நீங்கள் சொல்லி, துண்டைக் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் ரொட்டி என்று பிடித்து வைக்காதீர்கள். பசித்து அழுகிற பிள்ளைக்கு எதுவும் ஏறாது, சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாகிவிடும்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. வா, போ, தா, வை என்று ஓரெழுத்திலேயே முழு வேலை முடிந்துவிடுகிறது. நிறம், எண், ஏ பி சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு உடனே பலன் தருகிற சொல்லை முதலில் எடுங்கள்: தா, வா, போதும், இன்னும், வேணாம், தூக்கு. ஒரு கிழமைக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றை ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை, இடம் பார்த்து, அதே சொல்லாகவே சொல்லுங்கள். இன்று "தூக்கு", நாளை "எடுத்துக்க", மறுநாள் "மேல வா" என்று மாற்றினால் பிள்ளை எதைப் பிடிக்கும்?

"தா" வந்த பிறகு ஒரே ஒரு சொல்லைக் கூட்டுங்கள். பிள்ளை "தா" என்றால் நீங்கள் "ரொட்டி தா". பிள்ளை "ஊன" என்றால் நீங்கள் "பூனை போகுது". திருப்பிச் சொல்லும்படி கேட்க வேண்டாம், கேட்டபடி போகட்டும். "ஊன இல்ல, பூ…னை, சொல்லு" என்று திருத்தினால் பிள்ளை அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளும். ர, ழ, ற, ள எல்லாம் பிந்தி வரும் ஒலிகள். இரண்டு வயதில் ரொட்டி "ஒட்டி"யாகவும் பழம் "பயம்" ஆகவும் இருப்பது குறையில்லை.

சாயந்திரம் பீலியிலோ, வீட்டில் காய்ச்சிய சுடுதண்ணியிலோ குளிப்பாட்டும்போது ஒரு கோப்பை எடுங்கள். "ஒண்ணு… ரெண்டு… ஊத்து!" என்று ஊற்றுங்கள். நாலைந்து தடவை இப்படியே. அடுத்த தடவை "ஒண்ணு… ரெண்டு…" என்று நிறுத்திவிட்டுக் கோப்பையைத் தலைக்கு மேலே பிடித்தபடி முகத்தைப் பாருங்கள். "ஊ" என்று வந்தாலும் சரி, கையைத் தட்டினாலும் சரி, ஊற்றிவிடுங்கள். தாலாட்டிலும் இதே வழிதான்: கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, கேள்வி. "இது என்ன? இது யாரு? மாமா சொல்லு, அத்தை சொல்லு" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையைப் பரீட்சைக்கு உட்கார வைப்பார்கள். ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன் நாலு தடவை நீங்களே சொல்லிக் காட்டியிருக்க வேண்டும். கேட்கும்போதும் இரண்டு பொருளையும் கையில் பிடித்துக்கொண்டு "பழமா, பிஸ்கட்டா?" என்று கேளுங்கள். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருப்பதால் பிள்ளைக்கு அது எளிது. சுட்டிக் காட்டிப் பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். கை பேசுவதால் வாய் பேசாமல் போகாது.

மற்றவர்கள் கையிலும் இருக்கிறது

பகல் முழுக்கப் பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) இருக்கும் பிள்ளைக்கு அங்கே நடப்பதுதான் பெரிய பங்கு. அந்தக் கிழமையின் மூன்று சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதி மடுவத்து மிஸ்ஸிடம் கொடுங்கள். பால் கொடுக்கும்போதும் கை கழுவும்போதும் அதைச் சொன்னால் போதும் என்று கேளுங்கள். வீட்டில் அக்கா இருந்தால் தம்பிக்கு முந்திக்கொண்டு "அம்மா, அவனுக்குத் தண்ணி வேணுமாம்" என்பாள். அவளைத் திட்டாதீர்கள். ஐந்து எண்ணும் வேலையை அவளிடம் கொடுத்துவிடுங்கள், விரலை மடக்கி ஆசையோடு செய்வாள்.

அம்மா வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருந்தால் வீடியோ கோலும் உதவும். "அம்மா சொல்லு, முத்தம் குடு" என்பதற்குப் பதில், பிள்ளை சாப்பிடும் நேரத்தில் ஐந்து நிமிஷம் எடுத்து, அதே மூன்று சொல்லை அம்மாவும் சொல்லட்டும். அப்பாயி ரொட்டித் துண்டை நீட்டும்போது அங்கிருந்து அம்மா "தா" என்றால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்று சேரும்.

இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு பிந்தாது. சிங்களத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் பிள்ளையோடு உங்களுக்கு வாய் நிறைய வருகிற மொழியில் பேசுங்கள். தெரியாத ஆங்கிலத்தில் நாலு சொல் பேசுவதால் பலனில்லை.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வந்துவிடாது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது ஆபத்து. நாக்கு அடியில் ஒட்டியிருப்பது பால் குடிப்பதையும் சில ஒலிகளையும் பாதிக்கலாம், சொல்லே இல்லாமல் போவதற்கு அது காரணமில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது

மிட்வைஃப் மிஸ் அல்லது தோட்ட டிஸ்பென்சரி வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டி, அவர் தரும் கடிதத்தோடு ஆஸ்பத்திரி சிறுவர் கிளினிக்குக்குப் போவது நேரான வழி. அங்கிருந்து காதுப் பரிசோதனைக்கும் பேச்சு சிகிச்சைக்கும் அனுப்புவார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கோ, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டி வரலாம். அரச ஆஸ்பத்திரியில் காசு கட்ட வேண்டியதில்லை. பஸ் செலவும் அன்றைய பேரும்தான் நஷ்டம், ஆகவே ஒரே பயணத்தில் முடிந்தவரை முடித்துக்கொள்ளத் தயாராகப் போங்கள். காதுப் பரிசோதனை என்றால் பிள்ளை தூங்கி வர வேண்டுமா, விழித்திருக்க வேண்டுமா என்று திகதி வாங்கும்போதே கேளுங்கள். தூங்காத பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் பேர் போகும்.

கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் கிளினிக் புத்தகம், பிறந்தபோது கொடுத்த கடதாசித் துண்டுகள், சுவரில் தொங்கிய கொப்பி. கூடவே போனில் அரை நிமிஷ வீடியோ மூன்று: சாப்பிடும்போது ஒன்று, மற்றப் பிள்ளைகளோடு விளையாடும்போது ஒன்று, ஏதாவது வேண்டுமென்று கேட்கும்போது ஒன்று. புது இடத்தில் பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அப்போது டாக்டருக்கு அந்த வீடியோதான் பேசும்.

பேச்சு சிகிச்சை தருபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். சிங்களம் சரளமாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். "வீட்டில் தமிழ்தான், பயிற்சியும் தமிழில்தான் செய்வோம்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாயால் சொல்வதோடு விடாமல், பிள்ளையோடு ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அனுமதி கேட்டுப் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பாயிக்கும் மடுவத்து மிஸ்ஸுக்கும் அதைக் காட்டலாம். அடுத்த திகதி இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கிடைத்தால், அதுவரை எந்த இரண்டு விஷயத்தைச் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த சொற்களைத் திகதி போட்டுக் கொப்பியில் சேருங்கள். மூன்று மாதத்தில் ஒன்றும் கூடவில்லை என்றால், கொடுத்த திகதிக்குக் காத்திருக்காமல் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள்.