எட்டு பிளாட்பாரம், ஒரே வழி: பெரிய மாதிரி ரயில் நிலையம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ட்ரலைப் போல ஒரு ஸ்டேஷனை வீட்டில் கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படாத ரயில் பைத்தியம் சென்னையில் இருக்க முடியாது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. மாடியில் 20 அடிக்கு 11 அடி அறை ஒன்று காலியானதும் பிளைவுட் வாங்கி வந்து, எச்ஓ என்ற மாதிரி ரயில் அளவில் எட்டு பிளாட்பார லைன்களைப் பதித்துவிட்டேன். பார்க்க அமர்க்களமாக இருந்தது. முதல் நாள் வண்டி ஓட்டத் தொடங்கிய கால் மணி நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. எட்டு லைனிலும் வண்டி நிற்கிறது; ஒன்று கிளம்பினால் அது போய்ச் சேர இடம் கிடையாது.

பெரிய ஸ்டேஷன் கட்டுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பிளாட்பாரங்களை எண்ணுகிறோம், வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யோசிப்பதில்லை. நிஜமான சென்ட்ரலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான கட்டடத்தில் 12 பிளாட்பாரம், பக்கத்தில் புறநகர் வண்டிகளுக்கு 5. அத்தனையும் தாக்குப்பிடிப்பது பின்னால் பேசின்பிரிட்ஜ் இருப்பதால்தான். வந்த ரேக்கை, அதாவது பெட்டித் தொடரைக் கழுவவும், சரிபார்க்கவும், அடுத்த பயணம் வரை நிறுத்தி வைக்கவும் அங்கே இடமிருக்கிறது. மாதிரியில் அந்த வேலையைச் செய்வது கண்ணில் படாத மறைவு யார்டு. பார்வையாளருக்கு அது வெளியூர். நமக்கு வண்டி நிறுத்துமிடம். ஸ்டேஷனில் எத்தனை வண்டி நிற்குமோ அதைப் போல ஒன்றரை மடங்காவது அங்கே நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. கடைசியில் எட்டில் நான்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் தண்டவாளத்தை எதிர்ச்சுவர் ஓரம் யார்டாகப் போட்டேன். பிடுங்கும்போது வயிறு எரிந்தது, உண்மைதான்.

மூன்றே பிளாட்பாரம் போதும் என்று 1957-லேயே ஒருவர் வரைந்து காட்டிவிட்டார். சி. ஜே. ஃப்ரீசர் என்ற ஆங்கிலேயரின் மைனோரீஸ் என்ற மாதிரி ஸ்டேஷன் வரைபடம் அது. வரும் லைனிலிருந்து மூன்று பிளாட்பாரத்துக்குள்ளும் நுழையலாம். மூன்றிலிருந்தும் போகும் லைனுக்கு வெளியேறலாம். அவ்வளவுதான் விஷயம். அதை இன்றைக்கும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்தது நீளக் கணக்கு. இதைக் காகிதத்தில் போடாமல் ஆணி அடித்தால் பிறகு அழ வேண்டியதுதான். எச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு. ஐசிஎஃப் தொழிற்சாலைப் பெட்டி ஒன்று முனையிலுள்ள பஃபர் (இடிதாங்கி) முதல் பஃபர் வரை 22.3 மீட்டர், மாதிரியில் 25.6 சென்டிமீட்டர். 24 பெட்டிகள், ஒரு டபிள்யூஏபி-7 என்ஜின் என்றால் 6.4 மீட்டர், அதாவது 21 அடி. என் அறையே 20 அடி! எட்டுப் பெட்டியும் ஒரு என்ஜினும் ஏழரை அடியில் முடிந்துவிடும். கண்ணுக்கு அது முழு வண்டியாகவே தெரியும், ஏனென்றால் பக்கத்தில் நின்று பார்க்கும்போது முழு நீளத்தையும் நாம் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. என் அறை அளவே உங்களுடையதும் என்றால் எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஏழரை அடியைப் பாயிண்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடம்) வரை அளக்கக் கூடாது. இரண்டு லைன்கள் நெருங்கிச் சேரும் இடத்துக்கு முன்பே வண்டியின் வால் முடிய வேண்டும். நிஜத்தில் அங்கே ஃபௌலிங் மார்க் கல் நட்டிருப்பார்கள். நான் அதை மறந்துவிட்டு அளந்ததால் கடைசிப் பெட்டியின் மூலை பக்கத்து லைன் வண்டியை உரசியது. ஒரு பெட்டியை இரண்டு லைனிலும் தள்ளிப் பார்த்து, உரசாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நிற்கும் நீளம் அந்தக் கோடு வரைதான்.

இப்போது ஸ்டேஷனின் வாய்க்கு வருவோம். பிளாட்பார லைன்கள் எல்லாம் கிளை பிரிகிற அந்தப் பாயிண்ட் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். முழு வேலையில் பாதி மூளை இதற்குத்தான் செலவாக வேண்டும். பலர் செய்வது என்ன? ஒரே ஒரு லைனிலிருந்து ஏணிப்படி போல வரிசையாகப் பாயிண்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிளாட்பாரத்தைப் பிரிக்கிறார்கள். முதல் கோளாறு, அது இடத்தைத் தின்னும். பெக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் பாயிண்டுகள் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றுமே 12 டிகிரி கோணத்தில் பிரிபவை. லைனுக்கு லைன் 5 சென்டிமீட்டர் மட்டும் விட்டாலே எட்டு லைன் பிரிய ஐந்தரை அடி போய்விடும். நடுவில் பிளாட்பாரத்துக்கு அகலம் விட்டால் இன்னும் நீளும். இரண்டாவது கோளாறு இதைவிட மோசம். ஒரு வண்டி அந்த ஏணியில் ஏறிவிட்டால் மற்ற அத்தனை பிளாட்பாரமும் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எட்டு பிளாட்பாரம் இருந்தும் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் அசையும்.

ஒரு பக்கம் வண்டி உள்ளே வர, மறுபக்கம் இன்னொன்று வெளியேற, நடுவில் பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் என்ஜின் தன் பாட்டுக்கு இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு நகர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றையொன்று மறிக்காமல் நடக்குமா என்று காகிதத்தில் மூன்று கலர் பென்சிலால் வரைந்து பாருங்கள். கோடுகள் வெட்டிக்கொண்டால் பாயிண்டை மாற்றிப் போடுங்கள். ஷண்டிங்குக்கு மெயின் லைனைத் தொடாத தனி லைன் ஒன்று, பாதி ரேக் நீளத்துக்காவது இருக்கட்டும். நான் முதலில் அதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை பெட்டி சேர்க்கும்போதும் மெயின் லைன் வண்டி வெளியே காத்துக்கிடந்தது.

வாய்க்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு எதிரி, இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளைவது. பெட்டியின் ஒரு முனை இடப்பக்கம் நீட்டும்போது அடுத்த பெட்டியின் முனை வலப்பக்கம் நீட்டும். கொக்கி திருகும், பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். இரண்டு எதிர் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளத்துக்கு நேர் தண்டவாளம் வேண்டும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. ஐசிஎஃப் பெட்டிக்குச் சுமார் 77 சென்டிமீட்டர். வளைவில் லைன்களின் இடைவெளியையும் கூட்ட வேண்டும். நேர் தண்டவாளத்தில் உரசாத பெட்டிகள் அங்கே உரசும்.

நம் ஊர் வண்டி கட்டுபவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் அகலம் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. நம் அகலப்பாதையோ 1,676. மாதிரியில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். இதைச் சரி செய்கிறேன் என்று எல்லாப் பாயிண்டையும் கையால் கட்டக் கிளம்பியவர் ஒரு ஸ்டேஷனை முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளட்டும். நான் 16.5-ஐ ஏற்றுக்கொண்டேன். வண்டி ஓடும்போது யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை.

தச்சு வேலையில் ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பலகைக்குக் கீழே சட்டம் அடிப்பதற்கு முன்பு பாயிண்டுகள் எங்கே வரும் என்று மேலே வரைந்துவிடுங்கள். என் முதல் பலகையில் மூன்று பாயிண்டுகளின் மோட்டார் பொருத்த வேண்டிய இடத்துக்கு நேர் கீழே சட்டம். உளியை வைத்துத் தலைகீழாகப் படுத்துக்கொண்டு மே மாதத்தில் செதுக்கினேன். இரண்டு பலகைகள் சேரும் இடத்தின் மேல் பாயிண்ட் வரக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பலகையின் அகலம் இரண்டரை அடிக்கு மேல் போனால் சுவரோரம் கவிழ்ந்த பெட்டியை எடுக்கக் கை எட்டாது.

மொட்டை மாடியை ஒட்டிய அறை என்றால் வெயிலும் மழைக்கால ஈரமும் வேலையைக் காட்டும். தண்டவாளம் நீள்வது ஒரு பக்கம், அடியிலுள்ள மரம் ஊதிச் சுருங்குவது மறுபக்கம். முட்டக் கொடுத்துப் பதித்திருந்த என் லைன் ஒன்று கோடையில் பாம்பு போல நெளிந்துவிட்டது. சில இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விட வேண்டும். பிளைவுட்டின் அடிப்புறத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

மின்சாரம். தண்டவாள இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பக் கூடாது. கொஞ்ச காலம் கடத்தும். துரு, பெயின்ட், தூசி ஏறியதும் விட்டுவிடும். பலகைக்குக் கீழே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இரண்டைப் பிரதான லைனாக இழுத்து, ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் அதிலிருந்து சிறு ஒயர் சால்டர் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. டிசிசி முறையில் (ஒவ்வொரு என்ஜினுக்கும் தண்டவாளம் வழியே தனித்தனி டிஜிட்டல் கட்டளை) ஓட்டுபவர்கள் நாணயச் சோதனையைத் தவறவிடக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே பவர் நின்றால் சரி. நிற்காமல் இருந்தால் அங்கே ஒயர் போதவில்லை. என்றாவது ஒரு நாள் சக்கரமோ பாயிண்டோ உருகும். இந்தச் சோதனையை ஓரிரு அடிக்கு ஓர் இடமாக எல்லா லைனிலும் செய்ய வேண்டும்.

பெரிய ஸ்டேஷனை ஒரே மின்பகுதியாக விட்டுவிடுவதும் தவறு. ஒருவர் திருப்பாத பாயிண்டில் என்ஜினை ஏற்றி ஷார்ட் செய்தால் அறை முழுக்க எல்லா வண்டியும் நிற்கும். அப்புறம் யார் செய்தது என்று பஞ்சாயத்து. வாய் தனி, பிளாட்பாரங்கள் தனி, மறைவு யார்டு தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரேக்கர். ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பச்சை ஒயர் எதற்கு என்று உங்களுக்கே தெரியாது.

சரி, இனி ஓட்டுவது. முனையில் முட்டி நிற்கும் ஸ்டேஷனில் வந்த என்ஜின் லைன் முடிவிலுள்ள தடுப்புக்கும் ரேக்குக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். புதியவர்கள் அதே என்ஜினை வைத்து ரேக்கைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வெளியேற்றிவிடுவார்கள். இது பெரிய நஷ்டம், ஏனென்றால் இந்த வகை ஸ்டேஷனின் சுவாரஸ்யமே அந்த மாட்டிக்கொள்வதில்தான். ஷண்டிங் என்ஜின் பின்னால் வந்து கொக்கி போட்டு ரேக்கை யார்டுக்கு இழுக்கிறது. விடுபட்ட என்ஜின் மெல்ல ஷெட்டுக்குப் போகிறது. இன்னொரு என்ஜின் வேறொரு ரேக்கின் தலைக்கு வந்து சேருகிறது. ஒரு வண்டி வந்தால் நான்கு அசைவு. நான்கு பிளாட்பாரமே இரண்டு பேருக்கு மூச்சு விட நேரமில்லாமல் வேலை தருகிறது.

தள்ளும்போது பெட்டி இறங்குகிறது என்றால் முதலில் எடையைப் பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில்காரர்களின் என்எம்ஆர்ஏ அமைப்பின் பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பஃபர் நீங்கலான நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் ஐசிஎஃப் பெட்டிக்குச் சுமார் 165 கிராம் வரும். சமையலறைத் தராசில் நிறுத்து, குறைந்தால் தரைக்கடியில் ஈயத் துண்டு ஒட்டலாம்.

கால அட்டவணையைக் கடிகாரத்தோடு கட்டிவிடுவது இன்னொரு தொல்லை. ஒரு பெட்டி கவிழ்ந்தால் அட்டவணை மொத்தமும் குப்பை. நான் நேரத்தையே எழுதுவதில்லை. வரிசையை மட்டும் சீட்டுகளில் எழுதி அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு சீட்டு முடிந்தால் அடுத்தது. நடுவில் டீ குடிக்கப் போகலாம்.

அலங்காரத்துக்கு அவசரப்படாதீர்கள். ஜல்லி கொட்டுவதற்கு முன்பு மூன்று மாதமாவது வெறும் பலகையில் ஓட்டிப் பாருங்கள். மாற்ற வேண்டியது எல்லாம் அப்போதுதான் தெரியும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஜல்லியை ஒட்டும்போது பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. நான் போகவிட்டு இரண்டு பாயிண்டை இழந்தேன். பிளாட்பாரக் கூரை தூக்கி எடுக்கும்படி இருக்கட்டும். மின்கம்பங்களை நடுங்கள், மேலே கம்பி இழுக்காதீர்கள். ஸ்டேஷன் வாயில் கம்பி இழுத்துவிட்டால் கவிழ்ந்த வண்டியை எடுக்கும்போதெல்லாம் அறுந்துகொண்டே இருக்கும்.

என் ஸ்டேஷனுக்குச் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் இப்போதைக்கு ஒரு செருப்பு டப்பா நிற்கிறது.