வெளிநாட்டு வேலையா? செப்டம்பர் 28-க்குள் கிளம்புங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், சேரும் தேதி நம் கையில் இருந்தால் செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறிவிடுங்கள். ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால், கிளம்பும் நாளையும் சேர்த்து 181 நாள். 182 ஆகிவிட்டால், வருமான வரிக் கணக்குப்படி அந்த நிதியாண்டு முழுக்க நீங்கள் இங்கே வசிப்பவர்தான். அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே வரிக்கணக்கு காட்ட வேண்டிவரும். பொங்கலுக்கு ஊருக்கு வரும் எண்ணம் இருக்கிறதா? அந்த நாள்களும் கூடும், அதனால் ஆகஸ்டிலேயே போய்விடுவது நல்லது. பெங்களூரு ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையை அப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

சும்மா சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஊரில் வரும் வீட்டு வாடகைக்கும் வங்கி டெபாசிட் வட்டிக்கும், எப்போது கிளம்பினாலும், வரிக்கணக்கு இங்கேதான்.